கடைத்தெருக் கட்டிடங்களின் குடியிருப்பு மாற்றம் (ஐக்கிய அமெரிக்கா)

கடைத்தெருக் கட்டிடங்களின் குடியிருப்பு மாற்றம் என்பது ஐக்கிய அமெரிக்கச் சிறு நகரங்களின் மையப்பகுதியில் வெறுமையாகிவிட்ட பழைய வணிகக் கட்டிடங்களைக் குறைந்த வாடகை வீடுகளாக மாற்றுவதாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வணிகம் நெடுஞ்சாலையோர அங்காடிகளுக்கு இடம்பெயர்ந்ததால் இவற்றில் பலவற்றின் மேல்தளங்கள் பயனின்றிக் கிடந்தன.

1986 ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் குறைந்த வருமானத்தினருக்கான வீடுகளுக்கு வரிச்சலுகையை உருவாக்கியது. சான்று பெற்ற வரலாற்றுக் கட்டிடமெனில் சீரமைப்புச் செலவில் 20% தனிச் சலுகையாகவும் கிடைக்கும். ஆயினும் இவற்றைப் பெறுவதற்கான சட்ட, கணக்கியல் செலவு வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைவதில்லை. ஆறு வீடுகளே கொள்ளும் இரண்டு மாடிக் கட்டிடத்திற்கு அது பெருஞ்சுமை.

பக்கச் சுவர்கள் அடுத்த கட்டிடங்களை ஒட்டியிருப்பதால் முன்னும் பின்னும் மட்டுமே சன்னல்கள் அமைகின்றன. வெளிச்சமற்ற நடுப்பகுதி குளியலறைகளுக்கே பயன்படும். வரலாற்றுச் சலுகை பெற்றால் முகப்பின் தோற்றத்தையும் விருப்பம்போல் மாற்ற இயலாது.