கொழுந்து மாடியின் காற்று

இலங்கையின் மலைத்தோட்டங்களில் விசிறி வைத்துச் சூடான காற்றைக் கட்டடத்துக்குள் ஓட்டும் வழக்கம் தேயிலைக்கு முன்பே, கோப்பிக் காலத்தில், தொடங்கிவிட்டது. மழை விடாத நாட்களில் முற்றத்தில் கோப்பியைக் காயவைக்க முடியாது; ஈரக்கொட்டை புளித்துக் கெட்டுவிடும். வில்லியம் கிளெரிஹ்யூ என்ற தோட்டக்காரர் இதற்கு ஒரு வழி கண்டார். துளையுள்ள தளத்தில் கோப்பியைப் பரப்பி, அதனூடாகச் சூடான காற்றை விசிறியால் இழுத்தார். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் அவரது முறைக்குப் பதக்கம் கிடைத்தது.

1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தபோது தோட்டங்கள் தேயிலைக்கு மாறத் தொடங்கியிருந்தன. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்த தமிழகத்துத் தொழிலாளரும் அவர்களது பிள்ளைகளுமே அப்பகுதியின் எல்கடுவ, றத்தோட்டை மலைகளின் உழைப்பாளிகள்.

தேயிலைத் தொழிற்சாலையின் அமைப்பே காற்றை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டது. உருட்டும் இயந்திரமும் உலர்த்தியும் கீழ்த்தளத்தில். கொழுந்து வாட்டும் மாடிகள் மேலே, நான்கு பக்கமும் வரிசை வரிசையாகச் சன்னல்கள். அடுக்கடுக்காகக் கட்டிய சாக்குத்துணி மேல் கொழுந்தை மெல்லிசாகத் தூவுவார்கள். வெயில் நாளில் சன்னலைத் திறந்தாலே போதும். நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவை வடகீழ்ப் பருவமழை நனைக்கும் மாதங்களில் அது பலிக்காது. அப்போது சன்னல்களை அடைத்து, கீழே உலர்த்தும் அறையில் மிஞ்சிய சூட்டைக் குளிர்காற்றோடு கலந்து, விசிறிகளால் மாடிக்கு இழுப்பார்கள். உலர்த்தியிலிருந்து நேரே வெளியேறும் காற்று உதவாது. அதில் இலையின் ஈரம் நிறைந்திருக்கும். ஒரே விறகு இவ்விதம் இரண்டு வேலை செய்தது. எரிபொருள் சிக்கனம் என்று இன்று பேசப்படுவதை அந்தக் கட்டடங்கள் நூறாண்டுக்கு முன்பே நடைமுறையாக்கியிருந்தன. எவ்வளவு காற்று, எவ்வளவு நேரம் என்பதைச் சொன்னது தொழிலாளியின் கைதான். பிடித்து அழுத்திய கொழுந்து விரியாமல் உருண்டையாகவே நின்றால் வாட்டம் போதும். இயந்திர வரலாறுகளில் இந்தக் கைகளுக்கும் இடம் வேண்டும்.

உலர்த்தியின் கதை மலையைத் தாண்டியும் போகிறது. அசாமின் கச்சாரில் தேயிலைத் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் 'சிரோக்கோ' ஆலையைத் தொடங்கித் தேயிலை உலர்த்திகள் செய்தார். உலர்த்திக்குள் காற்றை வலுவாகத் தள்ளும் தேவையே அவரைப் புதிய விசிறிகளை நோக்கி நடத்தியது. 1898இல், சுழலும் திசையை நோக்கி வளைந்த பல சிறு அலகுகள் கொண்ட விசிறிக்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கங்களும் கப்பல்களும் பெரிய கட்டடங்களும் அந்த வகை விசிறியை ஏற்றன. 1903இல் திறக்கப்பட்ட பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் காற்றோட்டமும் சிரோக்கோ விசிறிகளால் இயங்கியது. கட்டடங்களுக்குள் காற்றை ஓட்டும் இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் இந்த விசிறியின் வடிவம் தொடர்கிறது.

மலைத்தோட்டத் தொழிற்சாலைகளின் வாட்டும் மாடிகளிலும் பின்னர் சாக்குத்துணித் தட்டுகள் போய், அடியிலிருந்து விசிறி காற்றடிக்கும் நீண்ட வாட்டுத் தொட்டிகள் வந்தன.

சன்னல் காற்றை மட்டும் நம்பும் பழைய முறை மாத்தளை மாவட்டத்திலேயே வேறோர் உருவில் திரும்பியது. தம்புள்ளைக்கு அருகே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கந்தளம ஹோட்டல் 1994இல் திறக்கப்பட்டது. அறைகளுக்குக் குளிரூட்டி உண்டு; பாறைக்கும் அறைகளுக்கும் இடையிலான நீண்ட நடைகூடங்களோ திறந்தவை. அங்கே காற்று விசிறியில்லாமல் ஓடுகிறது, கொடிகள் வெயிலை மறைக்கின்றன. 2000இல் அமெரிக்காவின் 'லீட்' பசுமைக் கட்டடச் சான்று அந்த ஹோட்டலுக்குக் கிடைத்தது.