சாமான் வண்டியும் முதிய எஞ்சினும்

புகையிரதக் கடவையில் படலை மூடப்பட்டால் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பர். வருவது சாமான் வண்டியென்றால் சுளிப்பு இரட்டிக்கும். ஆயினும் இலங்கைப் புகையிரதத்தின் வரலாறு தொடங்குவதே சாமானில்தான்.

மலைநாட்டுக் கோப்பியை மாட்டு வண்டிகள் கொழும்புத் துறைமுகத்துக்கு இழுத்த காலம் ஒன்றிருந்தது. வழியோ கரடுமுரடு, பயணமோ பல நாள். ஆகவே தோட்டத் துரைமார் இருப்புப்பாதை கேட்டு நின்றனர். 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிற்று. 1867 இல் பாதை கண்டியை எட்டிற்று. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை அதே வழியால் இறங்கிற்று. 1905 இல் காங்கேசன்துறை வரை பாதை நீண்டது. பின்னர் அங்கெழுந்த ஆலையின் சீமெந்து அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றது.

நீராவி எஞ்சின்கள் சுமந்த இப்பாரத்தை டீசல் எஞ்சின்கள் ஏற்றது 1950 களிலாகும். அம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் பி. டி. ரம்பாலா. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம் 2 எஞ்சின்கள் 1954 முதல் வந்திறங்கின. அல்பேட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா என அந்நாட்டு மாகாணப் பெயர்களை அவை தாங்கின. ஒவ்வொன்றும் 12 உருளைகளும் 1,425 குதிரைவலுவும் உடையது. டீசல் இயந்திரம் சில்லை நேரே சுழற்றுவதில்லை, மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. அம்மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்க, நீண்ட வண்டியும் மெல்ல நகர்கிறது.

இவை பயணிகளையும் இழுத்தன. 2004 டிசம்பர் 26 இல் பெரலியாவில் ஆழிப்பேரலை வாரியடித்த வண்டியின் எஞ்சின் 591 ஆம் இலக்க மனிற்றோபாவே. அவ்வண்டியில் 1,700 பேருக்கு மேல் மாண்டனர். உப்புநீரும் சேறும் புகுந்த அந்த எஞ்சினைப் புகையிரதத் தொழிலாளர் கழற்றித் திருத்தி மீண்டும் பாதையில் ஏற்றினர். பின்பு நினைவு நாளிலே அது பெரலியாவுக்குச் சென்று நின்றது.

எழுபதாண்டு கடந்தும் இவ்வகை எஞ்சின் ஓடுகிறதென்றால் அது கனடாவின் இரும்பால் மட்டுமன்று. எண்ணெய் படிந்த கைகளுடன் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர்களாலுமாகும். ரம்பாலாவின் பெயரை வரலாறு எழுதிற்று. அவர்களின் பெயரை எழுதவில்லை. இளைஞர்களே, அடுத்த முறை கடவையில் நிற்கையில் மணிக்கூட்டைப் பாராதீர்கள், எஞ்சினைப் பாருங்கள். உங்கள் அயலில் ஓய்வுபெற்ற புகையிரதத் தொழிலாளர் இருப்பின், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள்.