விக்டர் ஹியூகோவின் பத்தொன்பது ஆண்டுகள்

1815 ஒக்டோபரில் ஒரு மாலை நேரம், பிரான்ஸின் டீஞ் என்ற சிற்றூருக்குள் ஒருவன் நடந்து வருகிறான். பெயர் ஜீன் வல்ஜீன். கையில் காசு இருக்கிறது. ஆனால் அவனிடம் உள்ள கடவுச்சீட்டு மஞ்சள் நிறம். சிறையிலிருந்து விடுபட்டவன் என்பதை ஊருக்கெல்லாம் சொல்லும் காகிதம். விடுதிக்காரன் சோறு தர மறுக்கிறான். அடுத்த கடைக்காரனும் மறுக்கிறான். சிறைச்சாலைக் கதவைத் தட்டினால், கைதாகி வா, திறக்கிறோம் என்று பதில் வருகிறது. நாய்க்கூண்டொன்றில் ஒதுங்கப் போனால் நாயும் துரத்துகிறது.

இந்தக் கட்டத்துக்கு வன்னி வாசகருக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படாது. வன்னியை விட்டு வெளியே போக ஒரு பாஸ், வவுனியாவில் தங்க இன்னொரு பாஸ், அகதி என்பதற்கு நிவாரண அட்டை என்று காகிதத்தால் மனிதன் அளக்கப்பட்ட காலத்தை நாம் கண்டவர்கள். விக்டர் ஹியூகோவின் 'லே மிஸெராப்ள்' நாவலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதை ஏழைகளின் காவியம் என்றே கொள்கிறது. அது சரிதான். ஆனால் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவன் எழுதி முடித்த நூல் அது என்பதற்குத்தான் என் வாசிப்பில் முதலிடம்.

ஹியூகோ 1802இல் பிறந்தவர். நெப்போலியன் படையின் தளபதி ஒருவரின் மகன். 1845இல் இந்த நாவலைத் தொடங்கியபோது அவர் பிரெஞ்சு மேற்சபையின் உறுப்பினர், அரசவைக்கு வேண்டியவர். 1846இல் பாரிஸ் தெருவொன்றில், பாண் திருடியதற்காகப் படைவீரர்கள் ஒருவனை இழுத்துப் போவதையும், பக்கத்தில் நின்ற குதிரை வண்டிக்குள் இருந்த சீமாட்டி அவனைக் காணாமலே இருப்பதையும் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். இரக்கம் இருந்தது. ஆனால் அது மாடியிலிருந்து கீழே பார்ப்பவரின் இரக்கம். 1848 புரட்சியோடு எழுத்து நின்றுபோயிற்று.

1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்துத் தன் கைக்குள் கொண்டு வந்தபோது ஹியூகோ எதிர்த்து நின்றார். தேடப்பட்டார். அச்சுக் கோக்கும் தொழிலாளி ஒருவரின் பெயரிலான கடவுச்சீட்டோடு, தொழிலாளி வேடத்தில் இரவு ரயிலேறி பிரஸ்ஸல்ஸ் போனார். மேற்சபையில் இருந்தவர் பொய்க் காகிதத்தோடு எல்லை தாண்டினார். கையெழுத்துப் படிகள் அடங்கிய றங்குப் பெட்டியை அவருடைய தோழி ஜூலியட் துருவே சில நாட்களில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பெண் இல்லையேல் நாவல் இல்லை. ஹியூகோவைப் புகழ்பவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமல்ல.

பிறகு ஜேர்ஸி தீவு. 1855 ஒக்டோபரில் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு, பக்கத்திலுள்ள கேர்ண்ஸி தீவுக்குப் போனார். 1860 ஏப்ரலில் அந்தப் பெட்டியைத் திறந்து, பன்னிரண்டு வருடம் கிடந்த படிகளை மறுபடி எடுத்தார். 1861 ஜூன் 30இல் வாட்டர்லூ போர்க்களத்துக்கு அருகே இருந்து எழுதி முடித்தார். 1862இல் நூல் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் அவரே காகிதமில்லாதவர் ஆகியிருந்தார். டீஞ் நகரின் மூடிய கதவுகளுக்கு அத்தனை பாரம் வந்தது அதனால்தான் என்பேன்.

வல்ஜீன் சிறையில் இருந்தது பத்தொன்பது ஆண்டுகள். பாணுக்கு ஐந்து, தப்பியோட முயன்றதற்கு மிச்சம். நூல் வெளிவந்தபோது ஹியூகோவின் புலம்பெயர் வாழ்வு பதினொன்றாம் ஆண்டில் இருந்தது. 1870 செப்டெம்பர் 5இல் அவர் பாரிஸ் திரும்பியபோது அதுவும் ஏறக்குறையப் பத்தொன்பது. நான் முல்லைத்தீவான். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதிலிருந்து 2009 மே வரை எண்ணிப் பார்த்தால் எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. எண்ணில் மர்மம் எதுவும் இல்லை; ஆனால் கவனியாமல் விடவும் முடியவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு றங்குப் பெட்டி இருந்தது. வாப்பாவின் கொப்பிகளும் கிதாபுகளும் அதற்குள். அதைத் தூக்கி வர யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

1859இல் பேரரசன் பொதுமன்னிப்பு அறிவித்தான். பலர் திரும்பினார்கள். ஹியூகோ மறுத்தார், சுதந்திரம் திரும்பும்போது தானும் திரும்புவதாகச் சொல்லிவிட்டார். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பேச்சு நடந்து, முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று சொல்லப்பட்டபோது புத்தளத்து முகாம்களில் நடந்த வாக்குவாதங்கள் இதைப் படிக்கையில் நினைவுக்கு வரும். போனவர்களையும் குறை சொல்ல முடியாது, போகாதவர்களையும் குறை சொல்ல முடியாது. ஹியூகோவுக்குக் கேர்ண்ஸியில் சொந்த வீடு இருந்தது, நாவலுக்கு மூன்று லட்சம் பிராங் கிடைத்தது. ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு மறுப்பது வேறு விடயம்.

நம்மவர்களில் சிலர் ஹியூகோ இஸ்லாத்தைத் தழுவியவர் என்று எழுதுகிறார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. தம் இறுதி விருப்பத்தில் எந்தத் திருச்சபையின் பிரார்த்தனையும் வேண்டாம் என்றவர், இறைவனை நம்புகிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். உண்மையில் இருப்பது வேறொன்று, அதுவே போதுமானது. புலம்பெயர்ந்திருந்தபோது 1858இல் 'ஹிஜ்ரி ஒன்பதாம் ஆண்டு' என்ற தலைப்பில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நாட்களைப் பற்றி ஒரு நீள்கவிதை எழுதினார். தன்மீது யாருக்கும் ஹக்கு இருந்தால் கேட்கட்டும் என்று நபியவர்கள் சொல்ல, ஒருவர் மூன்று நாணயம் கேட்கிறார், அது கொடுக்கப்படுகிறது. நமது ஸீறா நூல்களில் நாம் படித்த சம்பவம் அது. நாவலில் ஆயர் வெள்ளி விளக்குத் தண்டுகளைத் திருடியவனுக்கே கொடுத்து, அவனை வாழ்நாள் முழுதும் கடனாளி ஆக்குகிறார். இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவை. அதே மனிதர்தான் 1879இல், ஆபிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஐரோப்பியரைத் தூண்டிப் பேசினார். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தமிழில் இந்நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்று தந்தார். 1950இல் ராம்நாத் இயக்கத்தில், நாகையா நடிக்க, அதே பெயரில் படமானது. அதில் பொலிஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் என்ற பாத்திரப் பெயர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஹியூகோ மறைந்த 1885ஆம் ஆண்டில்தான் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்து ஈழத்துத் தமிழ் நாவல் தொடங்குகிறது. அப்போது எகிப்தின் ஒறாபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கையில் இருந்தார். அவருக்குத் துணைநின்ற கண்டியூர் சித்திலெப்பை, தன் கதைக்கு எகிப்தைக் களமாக எடுத்தார். நமது நாவலின் பிறப்பிலேயே புலம்பெயர்ந்தவனின் நிழல் விழுந்திருக்கிறது.

ஆனால் ஹியூகோவிடம் நாம் இன்னும் எடுக்காத ஒன்று இருக்கிறது. அந்த ஜாவரை, அவர் பிரெஞ்சில் ழாவேர், வெறும் வில்லனாக ஹியூகோ விடவில்லை. சிறைக்குள் பிறந்தவன், தாய் குறி சொல்பவள், தகப்பன் தண்டனைக் கைதி என்று அவனுக்கு ஒரு கதை கொடுத்தார். வல்ஜீன் உயிரோடு விட்டுவிட்ட பிறகு, சட்டத்துக்கும் நன்றிக்கும் நடுவே நிற்க முடியாமல் அவன் ஸேன் நதியில் விழுந்து மாள்கிறான். துரத்தியவனின் கடைசி இரவுக்குத் துரத்தப்பட்ட எழுத்தாளன் தனி அத்தியாயமே ஒதுக்கினான்.

நமது வெளியேற்றக் கதைகளில் துவக்கோடு வாசலுக்கு வரும் பையன் ஒரு கட்டளையைச் சொல்லிவிட்டுப் பக்கத்தை விட்டுப் போய்விடுகிறான். எங்கள் வாசலுக்கு வந்தவன் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். என் உம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொல்ல வந்ததைச் சொன்னான், நிலத்தைப் பார்த்தபடி. 2009இல் அவன் உயிரோடு இருந்திருந்தால், செட்டிகுளத்து முட்கம்பிக்குள் தன் பதிவுத் துண்டைக் கையில் பிடித்தபடி சாப்பாட்டு வரிசையில் நின்றிருப்பான்.