வரிசையின் கடைசியில்

எம்.ஐ.டி.யில் 1973இல் ஐபிஎம் 7094 கணினியை நிறுத்தியபோது, 1967இல் கொடுத்த ஒரு வேலை இன்னும் ஓடாமல் வரிசையிலேயே கிடந்ததாம். பொறியியல் படித்தவர்களுக்கு டைனோசர் அட்டைப் புத்தகம் வழியாகத் தெரிந்த கதை. அந்தப் புத்தகமே இதை வதந்தி என்றுதான் சொல்கிறது.

வதந்தியாகவே இருக்கட்டும், பிரச்சினை நிஜம். அதே எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961இல் ஒரே கணினியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்துக் காட்டியது. தட்டச்சு செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவரை ரொம்ப நேரம் காக்கவைக்க முடியாது. அதனால் கொடுத்த நேரத்துக்குள் முடியாத வேலை ஒரு படி கீழே இறங்கும். ஆனால் அடுத்த முறை அதற்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும்.

இன்றைக்கு வங்கி டேட்டாபேஸில் ராத்திரி லோடு ஜாப்களை அடக்கிவைப்பதும் இதே கணக்குதான். ஏடிஎம்மில் நிற்பவர் முதலில். லட்சக்கணக்கில் ரெக்கார்டுகளை ஏற்றும் வேலை அப்புறம். ஒரே சமயத்தில் இத்தனை லோடுதான் ஓடலாம் என்று வரம்பும் உண்டு. சரி, அந்த ‘அப்புறம்’ எப்போ? விடியும்வரை ஒதுக்கியே வைத்தால் காலை ரிப்போர்ட்டில் நேற்றைய கணக்கு இருக்காது. இதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் மருந்தின் பேர் ஏஜிங்: காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை ஏறணும்.

யாரை முன்னால் விடுவது என்று எல்லோரும் எழுதிவைக்கிறோம். பின்னால் நிற்பவர் அதிகபட்சம் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதையும் எழுதிவைக்கணும்.