பிரட்டுக்களத்துக்கு வந்த உபதேசியார்

இலங்கையின் றக்வான மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது; தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாழ்க்கை மாறவில்லை. ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம். அப்பன் குடித்துவிட்டு வந்தால் பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை. தலைக்கு மேலே, ஆள் திரட்டி வந்த கங்காணியின் 'துண்டு'க் கடன். கடனைக் குறித்த அந்தத் துண்டுச் சீட்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து அதே போத்தலைத் தொட்டால், அவனை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

இலங்கைத் தோட்டத் தமிழருக்காக 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கத்தின் செப்டிமஸ் ஹோப்ஸ் திருநெல்வேலியிலிருந்து வந்து பொறுப்பேற்றார். அவரோடு ஊழியம் செய்த உபதேசியார்களோ தமிழர்கள். அவர்களுடைய செலவுக்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள் என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் தொழிலாளரைக் காலையில் திரட்டும் பிரட்டுக்களத்திலும் லய வாசலிலும் நின்று, கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவனிடம் 'உன்னைக் கடவுள் தேடுகிறார்' என்று அவனுடைய மொழியிலேயே சொன்னது சின்ன விஷயமல்ல.

ஆனால் போத்தல் விலகவில்லை. 1912இன் மதுவரிச் சட்டத்தோடு கள்ளுக்கடைகள் பெருகின. பௌத்தர்கள் முன்னின்ற மதுவிலக்கு இயக்கமும் தீவெங்கும் வலுத்தது. குடியிலிருந்து மீள இன்னொரு வழி வேறொரு நாட்டில் பிறந்தது: 1935இல் அமெரிக்காவில், ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ வட்டத்தில் பழகிய பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் குடிநோயாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். குடியிலிருந்து மீண்டவனே அடுத்தவனைக் கைதூக்கிவிட வேண்டும் என்பது அவர்களுடைய வழி. தோட்டத்து ஜெபவீடுகளில் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தை விட்டவர்கள் சாட்சி சொல்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது.