கஜா புயலுக்குப் பிந்தைய ஊர் வாழ்வும் உள்ளூர்ச் செய்திகளும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய நான்கு மாவட்டங்கள் பெரும் சேதமடைந்தன. 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. புயல் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தும், அது விட்டுச்சென்ற அழிவின் அளவு வெளியுலகுக்குத் தெரியச் சில நாட்கள் ஆயின. அந்த இடைவெளியும், அதில் ஊர்கள் வாழ்ந்த விதமும் தமிழ்நாட்டின் பேரிடர் வரலாற்றில் தனிக் கவனத்துக்கு உரியவை.

பின்னணி

காவிரிப் படுகையின் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் இப்பகுதி முதியோரின் நினைவில் நிற்பவை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பாம்பன் பாலமும் தந்திக் கம்பிகளும் சேதமடைந்தன. இதனால் பயணிகள் ரயில் ஒன்று கடலில் மூழ்கிய செய்தியே தாமதமாகத்தான் வெளியுலகை எட்டியது.

கஜா வந்த காலம் வேறு. செயற்கைக்கோள் படங்களும், தொலைக்காட்சிகளின் இடைவிடாத நேரலையும், பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியும் இருந்தன. புயல் கரையைக் கடக்கும் இடமும் நேரமும் ஏறக்குறையச் சரியாகவே கணிக்கப்பட்டன. கரையோர மக்கள் முன்னதாகவே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இந்த முன்னெச்சரிக்கை பல உயிர்களைக் காத்தது.

முதல் இரண்டு நாட்கள்

நவம்பர் 16 காலையில் வெளியான செய்திகள் பெரும்பாலும் புயல் கரையைக் கடந்துவிட்டது என்ற ஆறுதலைத் தந்தன. அரசின் முன்னேற்பாடுகளை எதிர்க்கட்சித் தலைவர் மு. க. ஸ்டாலினும் பாராட்டினார். ஆனால் அந்நேரத்தில் பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, ஆலங்குடி, முத்துப்பேட்டை வட்டாரங்களின் உட்கிராமங்களிலிருந்து தகவல் ஏதும் வந்திருக்கவில்லை.

இதற்குக் காரணங்கள் உண்டு. மின்சாரம் நின்றதும் கைப்பேசிக் கோபுரங்கள் மின்கலத்தில் சில மணி நேரமே இயங்கின. பின்னர் அவையும் அடங்கின. கிராமச் சாலைகளில் தென்னையும் புளியமரமும் குறுக்கே கிடந்ததால் செய்தியாளரும் அதிகாரியும் உள்ளே போக முடியவில்லை. செய்தி வண்டிகள் கடற்கரையை நோக்கியே நின்றன. புயலோ கரை ஏறிய பின்னும் உடனே வலுவிழந்துவிடாமல் புதுக்கோட்டையின் உள்பகுதிவரை தோப்புகளைச் சாய்த்துக்கொண்டு போனது. செய்தி வராத ஊர்களில் சேதம் இல்லை என்ற தவறான தோற்றம் இவ்வாறு ஏற்பட்டது.

செய்தி வெளியே வந்த வழி

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் வட்டாரச் செய்தியாளர்கள். இவர்களில் பலர் தாங்களே வீட்டுக் கூரையை இழந்தவர்கள். இருசக்கர வாகனத்தில் மரங்களைத் தாண்டிச் சென்று படமெடுத்து, அலைவரிசை கிடைக்கும் இடம்வரை பயணம் செய்து அனுப்பினார்கள். நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகளில் எந்த ஊரில் குடிநீர் இல்லை, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்ற விவரங்கள் ஊர்ப் பெயரோடு வரத் தொடங்கின.

மற்றொரு வழி வெளியூரில் இருந்த உறவினர்கள். இப்பகுதியினர் பலர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலும் சென்னை, திருப்பூர் போன்ற நகரங்களிலும் வேலை செய்கிறார்கள். வீட்டோடு பேச முடியாமல் தவித்த அவர்கள், வாட்ஸ்அப், முகநூல் வழியே தங்கள் ஊரின் நிலையைக் கேட்டும் கிடைத்ததைப் பகிர்ந்தும் வந்தனர். தேவைப் பட்டியல்கள் இவ்வாறே பரவின. இதில் ஒரு குறையும் இருந்தது. பெயர் அடிபட்ட ஊர்களுக்கும் நெடுஞ்சாலையோர ஊர்களுக்கும் நிவாரண வண்டிகள் திரும்பத் திரும்பச் சென்றன. உள்ளடங்கிய குடியிருப்புகளுக்கு, குறிப்பாகத் தலித் மக்களின் குடிசைப் பகுதிகளுக்கு, உதவி தாமதமாகவே சேர்ந்தது.

ஊர் வாழ்க்கை

மின்சாரம் இல்லாததால் ஆழ்துளைக் கிணறுகள் இயங்கவில்லை. மேல்நிலைத் தொட்டிகள் வற்றின. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். அதே ஜெனரேட்டரில் கைப்பேசிகளும் வரிசையாக மின்னேற்றம் பெற்றன. மெழுகுவர்த்தியும் தார்ப்பாயும் கிடைப்பதற்கரிய பொருள்களாயின. பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் பொதுச் சமையல் நடந்தது. அரசு ஆட்கள் வரும்வரை காத்திராமல் இளைஞர்கள் அரிவாளும் ரம்பமும் கொண்டு சாலைகளைத் திறந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தேநீர்க்கடைக்காரர், வாடிக்கையாளர்கள் தமக்குத் தரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்வதாகக் கடையில் எழுதி வைத்தது செய்தியானது.

புயல் ஊரின் ஒற்றுமையை மட்டும் காட்டவில்லை. பட்டுக்கோட்டை அருகே ஒரு சிற்றூரில், பூப்பெய்தியதால் வழக்கப்படி தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை விழுந்து இறந்தாள். புயல் இறப்புகளின் எண்ணிக்கையில் ஒன்றாகப் போயிருக்கக்கூடிய இந்நிகழ்வு, செய்தியாக வெளிவந்ததால் தீட்டு வழக்கம் பற்றிய விவாதமாக மாறியது.

கோபமும் மறியலும்

குடிநீரும் மின்சாரமும் கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்தது. நவம்பர் 17 அன்று புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் நடந்த போராட்டத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன. பலர் கைது செய்யப்பட்டனர். நவம்பர் 20 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி ஹெலிகாப்டரில் சேதப் பகுதிகளுக்குச் சென்றபோது, தரைவழியே வந்திருக்க வேண்டும் என்ற விமர்சனம் எழுந்தது. சென்னையில் 2015-இல் வெள்ளமும் 2016-இல் வர்தா புயலும் வந்தபோது கிடைத்த கவனம் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் பரவலாக இருந்தது.

திருப்பூரின் தொடர்பு

காவிரிப் படுகை வறட்சியில் காய்ந்த ஆண்டுகளில் பலர் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்திருந்தனர். தையல், கட்டிங், செக்கிங், பேக்கிங் எனப் பிரிவுகளில் வேலை செய்த இவர்கள், புயலுக்குப் பின் ஊருக்குத் திரும்பினால் கூலி போகும், திரும்பாவிட்டால் வீட்டைப் பார்க்க ஆளில்லை என்ற நெருக்கடியில் இருந்தனர். கொங்குப் பகுதியிலிருந்து துணிகள், போர்வைகள், உணவுப் பொருள்கள் அனுப்பப்பட்டன. பிற மாவட்டங்களின் மின்வாரிய ஊழியர்களும் அண்டை மாநில ஊழியர்களும் வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டனர். அப்படியும் சில சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

தென்னையும் இழப்பீடும்

கஜாவின் நீண்டகால இழப்பு தென்னை. நெல் போனால் அடுத்த பருவத்தில் நடலாம். தென்னங்கன்று காய்க்க ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். மகளின் திருமணம், மகனின் படிப்பு எனக் குடும்பத்தின் கணக்குகள் தோப்பை நம்பியே இருந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என அரசு 1,100 ரூபாய் அறிவித்தது. இது போதாது என விவசாயிகள் கூறினர். மாநில அரசு மத்திய அரசிடம் சுமார் 15,000 கோடி ரூபாய் கேட்டது. 2018 டிசம்பர் இறுதியில் சுமார் 1,146 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. மு. கருணாநிதி மறைவால் காலியான திருவாரூர்த் தொகுதிக்கு 2019 ஜனவரி 28-இல் நடக்கவிருந்த இடைத்தேர்தல், நிவாரணப் பணிகள் முடியாததால் ரத்து செய்யப்பட்டது.

மதிப்பீடு

1964-இல் கம்பி அறுந்ததால் செய்தி நின்றது. 2018-இல் மின்சாரம் அறுந்ததால் நின்றது. தொழில்நுட்பம் மாறியும் கடைசிக் கிராமத்தின் நிலையை அறிய அங்கே போய்வரும் ஆள் தேவைப்பட்டார். பாதிப்பு எங்கே என்பதைச் செய்தி சொல்லும்வரை நிவாரணமும் அங்கே போகவில்லை என்பதே கஜா காட்டிய உண்மை. பெருநகர ஊடகங்கள் சில வாரங்களில் வேறு செய்திகளுக்கு நகர்ந்தன. இழப்பீட்டுப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள், கூரைக்குப் பதில் தார்ப்பாயோடு நின்ற வீடுகள், தோப்பில் அகற்றப்படாமல் கிடந்த மரங்கள் ஆகியவற்றை மாவட்டப் பக்கங்களே அதன் பின்னும் எழுதிவந்தன. கஜாவுக்குப் பிந்தைய மாதங்களை ஆராய விரும்பும் மாணவர்கள் முதலில் புரட்ட வேண்டியவை அந்தப் பக்கங்களே.