மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சி

மருத்துவ உளவியலாளர் மனநலக் கோளாறுகளைச் சோதனைகளால் மதிப்பிட்டு, மருந்து எழுதாமல் பேச்சு வழியிலும் நடத்தைப் பயிற்சி வழியிலும் சிகிச்சை தருபவர். அமெரிக்காவில் இதற்கு முனைவர் பட்டமே அடிப்படை. 1949இல் போல்டர் மாநாடு ஆய்வையும் சிகிச்சையையும் இணைத்த பி.எச்டி.யை முன்வைத்தது, 1973இல் வேல் மாநாடு சிகிச்சைக்கே முதலிடம் தரும் சை.டி. பட்டத்தை ஏற்றது.

இந்தியாவில் கதை வேறு. உளவியலில் பி.எச்டி. வாங்கியவர் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். அதை மட்டும் வைத்து நோயாளியைப் பார்க்க முடியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்குப் பயப்படுபவர் யார் என்பது வேறு விஷயம். பதிவுக்கு நெடுநாள் வழக்கமாக இருந்த வழி, முதுகலைக்குப் பின் மருத்துவமனையில் மேற்பார்வையுடன் முழுநேரமாகப் படிக்கும் இரண்டாண்டு எம்.பில். நான்காண்டு சை.டி. பட்டம் பின்னால் வந்தது.

உதாரணமாக, ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள தடாவிலிருந்து கிளம்பும் மாணவருக்கு, 1954இல் தொடங்கிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்க வழியுண்டு. மருத்துவமனைப் பயிற்சிக்குச் சென்னைப் பக்கமோ, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துக்கோ போகலாம். நிம்ஹான்ஸின் முன்னோடியான அகில இந்திய மனநல நிறுவனம் 1950களிலேயே இத்துறையில் பட்டயப் படிப்பைத் தொடங்கிவிட்டது.

பயிற்சியில் பாதி கேட்பதுதான்: நோய் வரலாறு, குடும்பம், தூக்கம், வேலை. பிறகு சோதனைகள். எண் நினைவுச் சோதனையில் விநாடிக்கு ஓர் எண்ணாகச் சொல்ல, நோயாளி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அடுத்து தலைகீழாக. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எல்லைப்புறத்துக்காரரிடம் எந்த மொழியில் எண்ணைச் சொல்வது? மதிப்பெண்ணே இதனால் மாறக்கூடும் என்பதால், சோதித்த மொழியை அறிக்கையில் எழுதியே ஆகவேண்டும். ஒவ்வோர் அறிக்கையையும் மேற்பார்வையாளர் திருத்துவார்.

கவுன்சில் பதிவுக்கு எடையும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளரை மனநல நிபுணர்களில் ஒருவராகச் சேர்க்கிறது. ஒருவரை அவர் சம்மதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமானால் இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். மனநல மருத்துவருக்கு அடுத்த அந்த இரண்டாமவராக இவரும் இருக்கலாம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் எம்.பில்.லை நிறுத்தியபோது இத்துறை திண்டாடியது. அதனால் மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது.